வெட்டுத்துணியில் மிஞ்சும் நிறங்கள்

தாம்பரத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் கட்டடங்களையும் தண்டவாளத்தையும் முன்வைத்தே தொடங்குகிறார்கள். 1928-இல் காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம், 1931-இல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார ரயில், 1937-இல் நகருக்குள்ளிருந்து இடம்பெயர்ந்து வந்த கிறித்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம் என்று பட்டியல் நீளும். இதில் துணி வருவதில்லை. பெண்களும் அநேகமாக வருவதில்லை. இந்த இரண்டு விடுபடல்களும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது என் எண்ணம்.

நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள். இந்தப் பக்கத்து ஏற்றுமதித் தையல் ஆலைகளில் வெட்டியது போக மிஞ்சும் துணி எடைக்கு விற்பனைக்கு வரும். கிலோ கணக்கில் வாங்கி, தரம் பிரித்து, கழுவி, சதுரமாகவும் பட்டையாகவும் நறுக்கித் தைக்கிறேன். எனக்கு வேண்டிய நிறத்தைக் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவதில்லை. யாரோ, எங்கோ தீர்மானித்த நிறங்கள் என் மூட்டைக்குள் வந்து விழுகின்றன. அவற்றை அடுக்கி வைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: இந்த நிறங்கள் எந்தெந்தக் கைகளைக் கடந்து இங்கே வந்தன? அந்தக் கைகளில் எத்தனை பெண்களுடையவை?

கேள்விக்குப் பதில் தேடினால் மதராஸ் என்ற நகரம் பிறந்த நாளுக்கே போக வேண்டியிருக்கிறது. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்மேட்டைத் தேர்ந்ததற்கு நல்ல துறைமுகம் காரணமல்ல. இங்கே துறைமுகமே கிடையாது. துணி மலிவாகக் கிடைத்ததுதான் முக்கியக் காரணம். 1734-இல் நெசவாளருக்கென்றே ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதன் மருவல் என்பார்கள். நெய்பவர், சாயமிடுபவர், துணியில் சித்திரம் தீட்டுபவர் ஆகியோரோடு நூல் நூற்பவர்களும் அங்கே குடியேற்றப்பட்டார்கள். நூற்பு என்பது இந்த நாட்டில் பெண்களின் வேலை. ஒரு தறிக்குத் தீனி போடப் பல ராட்டைகள் சுழல வேண்டும். தறிக்காரரின் பெயராவது கம்பெனிக் கணக்கில் ஏறியது. ராட்டைக்காரியின் பெயர் ஏறவில்லை.

சோழமண்டலக் கரைத் துணிக்கு உலகமெங்கும் கிராக்கி வந்ததற்கு அதன் நிறமே காரணம். ஐரோப்பியத் துணிகளில் சாயம் தண்ணீர் பட்டதும் மங்கும். இங்கே தீட்டிய பருத்தித் துணி துவைக்கத் துவைக்க எடுப்பாகும். மந்திரம் ஒன்றுமில்லை. துணியை முதலில் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்தார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதி, பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பு, நீலத்துக்கு அவுரி. சாயவேர் என்பது நம் கடலோர மணலில் தானாக முளைக்கும் இம்பூறல் செடியின் வேர்தான்.

இந்தத் துணி இங்கிலாந்துக்குப் போனபோது நடந்தது நம் பாடப்புத்தகங்களில் இல்லை. 1719 கோடையில் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள், இந்தியப் பருத்தி அணிந்த பெண்களைத் தெருவில் துரத்தினார்கள். உடையைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் ஊற்றினார்கள். பிழைப்புப் போன கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அது கப்பல் முதலாளியின் கிடங்கில் இறங்காமல், தெருவில் நடந்த பெண்ணின் உடம்பில் இறங்கியது. அரசும் பெண்களைக் காக்கவில்லை. 1721-இல் பெரும்பாலான பருத்தி அச்சுத் துணிகளை உடுத்துவதையே சட்டம் தடை செய்தது. 1774 வரை அந்தத் தடை நீடித்தது.

ஆனாலும் பெண்கள் அந்த நிறங்களை விட்டுவிடவில்லை. விலை மிகுந்த சோழமண்டலத் துணியில் பூவையும் கிளையையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் பரப்பித் தைத்துப் போர்வையாக்கும் ஒரு முறை இங்கிலாந்திலும் பின்னர் அமெரிக்காவிலும் பரவியது. ஒரு முழம் துணியை ஒரு கட்டில் அளவுக்கு விரிக்கும் சிக்கனம் அது. இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் அப்படிப்பட்ட போர்வைகளில், தைத்தவளின் பெயர் சில சமயம் தெரிகிறது. நூற்றவளின் பெயர் ஒன்றிலும் இல்லை.

தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்போது அடங்கும் அனகாபுத்தூர் இந்தக் கதையின் அடுத்த ஊர். பல்லாவரத்துக்குப் பக்கத்தில், அடையாற்றங்கரையில் உள்ள நெசவாளர் ஊர் அது. மதராஸ் கைக்குட்டை என்ற கட்டம் போட்ட துணி இங்கே நெய்யப்பட்டு நைஜீரியாவுக்குப் போனது. பெயர்தான் கைக்குட்டை, அங்கே அது இடுப்பில் சுற்றிக் கட்டும் உடை. தறிக்கு முன்னால் நடக்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். சிட்டத்தைப் பிரிப்பது, ராட்டையில் தார் சுற்றுவது, பாவு ஓடுவது, கஞ்சி போடுவது, அறுந்த இழையைப் பிணைப்பது. நெசவு வீடுகளில் இவற்றில் பெரும்பகுதி பெண்களும் பிள்ளைகளும் செய்வது. கட்டத் துணியில் எத்தனை சிவப்பிழைக்கு எத்தனை நீல இழை என்ற கணக்குப் பாவிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் கூலி, நெய்து முடித்த துணிக்குத்தான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும், அவர்களில் சுமார் 72 சதவீதம் பெண்கள் என்றும் சொல்கிறது. இருந்தும் 'நெசவாளி' என்றதும் நம் மனதில் தறிக்குழியில் ஓர் ஆண்தானே உட்கார்ந்திருக்கிறார்!

அதே கட்டத் துணி கடலின் அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்று அழைக்கிறார்கள். அந்தச் சமூகத்துப் பெண்கள் துணியை வாங்கி அப்படியே உடுத்துவதில்லை. கூர்மையான பிளேடால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் நறுக்கி உருவி எடுக்கிறார்கள். வெளிர் இழைகள் போனதும் கட்டத்துக்குள் புதிய உருவங்கள் எழும்புகின்றன. பெலேதே பீதே என்பது இந்தத் துணிக்குப் பெயர். குடும்பத்தின் கௌரவச் சொத்தாகப் பெட்டியில் காக்கப்பட்டு, இறந்தவரைக் கிடத்தும் அறையை அலங்கரிக்கவும் அது வெளியே வருகிறது. ஒரு கரையில் பெண்கள் இழை சேர்க்கிறார்கள், இன்னொரு கரையில் பெண்கள் இழை நீக்குகிறார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. 1970களில் நைஜீரியா இறக்குமதிக்குத் தடை போட்டபோது அனகாபுத்தூர்த் தறிகள் பல நின்றன. மிஞ்சியவர்கள் பின்னாளில் வாழைநாரும் சணலும் கலந்து நெய்யத் தொடங்கினார்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் 'கந்தை'க்கும் அதற்கும் வேர் ஒன்றே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் கவந்தி தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைக்காத கவந்தி அவர்களுக்குக் குறைப்பட்டதாகத் தோன்றும். தமிழ்நாட்டில் இதற்குத் தனிப்பெயரும் புகழும் இல்லையே தவிர, பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடாமல், பலமுறை துவைத்து மெத்தென்றான சேலையில் போடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

மதுராந்தகம் பக்கம் இருந்த என் பாட்டி அப்படிப்பட்ட விரிப்புகளைத் தைத்தவர். இருபத்தெட்டு வயதில் தாத்தா இறந்த பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறினார். டிரங்குப் பெட்டியில் இருந்த அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் அவர் உடம்புக்கு மறுக்கப்பட்டன. மறுத்தது சட்டமல்ல, ஊரும் உறவும். அவர் அந்தச் சேலைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் ஒரு சேலையிலிருந்து ஒரு கிழிசல் எடுப்பார். நாலு நிறம் சேர்த்து ஒரு விரிப்புத் தைத்துக் கொடுப்பார். "செவப்பையும் பச்சையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் கத்தும்டி. நடுவுல ஒரு மங்கின துணிய வையி, ரெண்டும் பேசும்" என்பார். உடுத்த முடியாத நிறங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. மங்கலம், அமங்கலம் என்று பெண்களைப் பிரித்த ஒரு சமூகத்தில், 'அமங்கலி' தைத்த துணியில்தான் தெருக் குழந்தைகள் எல்லாம் படுத்தன. அதை யாரும் தீட்டு என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

நிறத்தைப் பற்றி இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். என்ன நிறம் என்பதைவிட அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பதே முக்கியம். துண்டுகளைத் தரையில் பரப்பிக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிறங்கள் கரைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அப்போது உருவம் நிற்கிறதா என்று பாருங்கள். கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடினால்தான் மயில்கழுத்துக் கலர் வரும் என்பது சேலை எடுக்கப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வெங்காயத்தோல், கத்திரிப்பூ, காபிக்கொட்டை என்று நாம் வாய்வழக்காகச் சொல்லும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் அறிவு. அதைக் கல்வி என்று யாரும் சொல்லாததால் நாமும் சொல்வதில்லை.

1984-இல் தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகச் சுமார் 260 ஏக்கரில் மதராஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. எல்லோரும் மெப்ஸ் என்று சொல்வது அதைத்தான். 2003-இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஆயத்த ஆடைப் பிரிவுகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அங்கே நிறம் ஏற்கெனவே முடிவாகி வருகிறது. வெளிநாட்டு வியாபாரி சீசனுக்கு நாலு நிறம் சொல்வார். ஒரு லைனில் ஒரு பெண் நாள் முழுக்க ஒரே நிறத்தில் ஒரே தையலைத் தைப்பாள். அவளது கூலியோ வேறு வேகத்தில் நகர்ந்தது. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 2004-க்குப் பிறகு 2014-இல்தான் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அதையும் எதிர்த்து முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது.

ஆலை மிச்சத்தில் நிறத்தைக் கண்டெடுத்த பெண்களுக்கு இன்னொரு ஊர் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்டில், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள், கிழிந்த வேலைச்சட்டைகளால் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தார்கள். 1966-இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கொடுத்தது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு. ஆனால் வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்குப் போயின. பொன்மஞ்சள், இலைப்பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று கிடைத்த சில நிறங்களை வைத்தே அவர்கள் தைத்தவை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், தைத்தவர்களின் பெயரோடு சுவரில் தொங்கின. ஓவியம் என்று உலகம் கொண்டாடியது. 2007-இல் அவர்களில் சிலர், தங்கள் வடிவங்களால் வந்த வருமானத்தில் உரிய பங்கு தரப்படவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008-இல் அது சமரசத்தில் முடிந்தது. பெயர் கிடைப்பது ஒரு படி, பணம் கிடைப்பது இன்னொரு படி. முதலாவது ஏறியவுடன் இரண்டாவது தானாக வந்துவிடாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தையல் வட்டத்துக்கு, பதினாறு வருடம் சட்டைக் காலர் தைத்த ஓர் அக்கா வந்தார். மூட்டையைக் கொட்டியதும் வெளிர்நீலக் கோடு போட்ட ஒரு துண்டைக் கையில் எடுத்து, "இது எங்க லைன்ல ஓடின துணி" என்றார். பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. "என்கிட்ட யாரும் கலர் கேட்டதில்லப்பா" என்றார். பிறகு மூட்டையை இரண்டு முறை கிளறி, மஞ்சளும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு துண்டை எடுத்து வைத்தார். எனக்கு அது தோன்றியிருக்காது. அது சரியாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் போர்வைகளின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைக்கிறோம். தைத்தவர் பெயர், வருடம், துணி வந்த வழி ஆகிய மூன்றையும் அதில் எழுதுகிறோம். விற்றால் காசு எப்படிப் பிரியும் என்பதை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் வீட்டிலும் யாரோ தைத்த ஒரு பழைய விரிப்பு இருக்கலாம். தைத்தவர் உயிரோடு இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள்: எந்தச் சேலை, யாருடையது, ஏன் இந்த நிறத்துக்குப் பக்கத்தில் அந்த நிறம். கேட்டதைப் பின்பக்கத்தில் அழியாத மையால் எழுதி, அவர் பெயரை முதலில் போடுங்கள்.