தாராவி பள்ளிவாசல்கள்: தொழுகைக்கு மட்டும்தானா?

சயானில் இறங்கி பிகேசி ஆபீஸுக்குப் போகிறவரா நீங்கள்? தாராவியை ஒட்டித்தான் தினமும் போகிறீர்கள். அங்கிருக்கும் பள்ளிவாசல்களுக்கும் நம்ம ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு.

எப்போது வந்தவை?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். தாராவியின் முதல் பள்ளிவாசலான படீ மஸ்ஜித் 1887-இல் உருவானது. படீ என்றால் பெரிய என்று அர்த்தம். இங்குள்ள பழைய கணேசர் கோவில் 1913-ஐச் சேர்ந்தது.

ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழும் இடம் இது. நாலு பேர் கூடிப் பேச வீட்டில் இடம் ஏது? நிக்காஹ், பிள்ளைகளின் ஓதல் வகுப்பு, ஜனாஸா, குடும்பப் பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் பள்ளிவாசலும் ஜமாஅத்தும்தான்.

கலவரத்துக்குப் பிறகு என்ன நடந்தது?

1992 டிசம்பர், 1993 ஜனவரி மும்பைக் கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது. தாராவியும் தப்பவில்லை. பிறகு குடியிருப்பவர்களும் போலீஸும் ஒன்றாக உட்காரும் மொஹல்லா கமிட்டிகள் வந்தன. வக்கார் கானும் பாவ் கோர்டேயும் தாராவியில் இந்த வேலையை முன்னெடுத்தார்கள். வதந்தி கிளம்பினால் யாருக்கு போன் செய்வது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதுதான் பெரிய பாதுகாப்பு.

2024-இல் என்ன ஆச்சு?

செப்டம்பர் 21 அன்று மெஹ்பூபே சுபானி பள்ளிவாசலில் அனுமதி இல்லாத பகுதியை இடிக்க மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். கூட்டம் சாலையை மறித்தது, மாநகராட்சி வண்டியின் கண்ணாடி உடைந்தது. பேச்சுவார்த்தையில் நிர்வாகிகள் சில நாள் அவகாசம் கேட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அவர்களே அந்தப் பகுதியை அகற்றத் தொடங்கினார்கள். கட்டியது சரியா தப்பா என்பது தனிக் கேள்வி. நிலைமை கைமீறாமல் போனதற்குக் காரணம், பேசுவதற்குப் பொறுப்பான ஆட்கள் இருந்தது.

இனி?

தாராவி மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குச் சான்று உள்ளவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களுக்கு மும்பையில் வேறு இடம். ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் திசைக்கொருவராகப் பிரியலாம். பள்ளிவாசலோ கோவிலோ, கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். ஆபத்து நேரத்தில் கதவைத் தட்டும் அளவுக்குப் பழகிய மனிதர்களை எந்த பிளானில் வரைவது? தாராவி பற்றிய அடுத்த செய்தியைப் படிக்கும்போது, சதுர அடிக் கணக்கோடு இதையும் பாருங்கள்.