கேள்விக்குறி மறையும் கட்டம்: கட்டுமான மேலாண்மைப் பாடத்தில் கால அளவு

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மென்பொருளில் ஒரு புதிய பணியின் பெயரை அடித்து, அட்டவணையிடும் பொறுப்பை மென்பொருளிடமே விட்டால், கால அளவுக் கட்டத்தை அது ‘1 நாள்’ என்று தானே நிரப்பிக்கொள்கிறது. பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியையும் போடுகிறது. இது வெறும் உத்தேசம், யாரும் இன்னும் உறுதி செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. மாணவர் அந்தக் கட்டத்தில் 6 என்றோ 12 என்றோ அடித்த கணமே கேள்விக்குறி மறைந்துவிடுகிறது. அந்த 6 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆய்வகக் கையேட்டில் இருந்தது என்பார். கையேட்டுக்கு அது எப்படி வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

கட்டுமானப் பொறியியல், மேலாண்மைப் படிப்புகளில் திட்டமிடல் பாடம் கற்பிக்கப்படும் விதத்தை இந்த ஒற்றைக் கட்டத்தின் வழியாகப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. பணிகளின் முன்பின் உறவை இப்பாடம் நுணுக்கமாகக் கற்பிக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஆகும் காலத்தையோ கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறது. ஆனால் கட்டடக் களத்தில் அறிவு தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். அஸ்திவாரத்துக்குப் பிறகுதான் சுவர் என்பதைச் சொல்ல முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை.

பாடத்திட்டம் இதைக் குறிப்பிடவே இல்லை என்று குற்றம் சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டுமானத் திட்டமிடல் பாடத்தில் நெடுநாளாக இருந்துவரும் முதல் அலகின் தலைப்புகள் இவை: தொழில்நுட்பத்தையும் கட்டும் முறையையும் தேர்தல், பணிகளை வரையறுத்தல், முன்பின் உறவுகள், பணிகளின் கால அளவை மதிப்பிடல், வளத்தேவையை மதிப்பிடல், குறியீட்டு முறை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹெண்ட்ரிக்சனும் டங் ஆவும் 1989-இல் வெளியிட்ட கட்டுமானத் திட்ட மேலாண்மை நூலைப் புரட்டியவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. அந்நூலின் திட்டமிடல் அதிகாரத்தின் உட்தலைப்புகளே ஏறத்தாழ அப்படியே இங்கே அலகாக வந்து அமர்ந்திருக்கின்றன. நல்ல நூலிலிருந்து எடுத்துக்கொள்வதில் பிழை ஒன்றுமில்லை. தலைப்பு வந்தபோது அதற்குப் பின்னால் இருந்த தரவு வரவில்லை என்பதுதான் சிக்கல்.

அந்நூல் தரும் சூத்திரம் எளியது. வேலையின் மொத்த அளவை, ஒரு குழுவின் ஒரு நாள் வேலைத்திறனால் வகுத்து, குழுக்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் நாள் கணக்கு வந்துவிடும். 90 கன மீட்டர் செங்கல் கட்டு வேலை. ஒரு குழு நாளொன்றுக்கு 3 கன மீட்டர் கட்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழுக்கள் என்றால் 15 நாள். மொத்த அளவை வரைபடத்திலிருந்து எடுக்க அளவு மதிப்பீட்டுப் பாடம் இருக்கிறது. குழுக்களின் எண்ணிக்கை நம் முடிவு. நடுவில் இருக்கும் அந்த 3 மட்டும் எந்தப் பாடத்திலும் பிறப்பதில்லை, கேள்வித்தாளிலேயே பிறக்கிறது.

அந்த எண்ணை அறிந்திருந்தவர்கள் இடையேதான், பணிகளை வலைப்படமாக்கி அட்டவணையிடும் சி.பி.எம். முறை உருவானது என்பதை மறந்துவிடுகிறோம். 1957-இல் டுபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். தொடக்ககாலச் சோதனைகளில் ஒன்று டுபாண்டின் லூயிவில் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் பணி. நிறுத்த நேரம் 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது என்பது அந்த முறையின் புகழ்பெற்ற முதல் சான்று. அங்கே நடந்தது என்ன வகை வேலை? ஒரே ஆலை, திரும்பத் திரும்ப வரும் அதே பழுதுபார்ப்பு. ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அனுபவத்தில் ஊறிப்போன இடம் அது. கால அளவுகள் தெரிந்திருந்த இடத்தில் அவற்றை வரிசைப்படுத்த ஒரு கருவி கிடைத்தது. நாம் கருவியை மட்டும் கொண்டுவந்தோம்.

இன்னொரு வலைப்பட முறையான பெர்ட்டின் கதை இதற்கு நேர் எதிரானது. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக எழுந்தது அது. அதுவரை யாரும் செய்திராத வேலைகள் என்பதால் ஒரே எண்ணைச் சொல்ல ஆளில்லை. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு, பெரும்பாலும் இவ்வளவு என்று மூன்று ஊகங்களைக் கேட்டு, ‘பெரும்பாலும்’ என்றதற்கு நான்கு மடங்கு எடை கொடுத்து, மூன்றையும் கூட்டி ஆறால் வகுத்தார்கள். ஒன்பது அங்குலச் சுவர் ஏவுகணை அன்று. ஆனாலும் நம் வகுப்பறையில் பூச்சு வேலைக்கும் மூன்று ஊகங்கள் கொடுக்கப்படுகின்றன. அந்த மூன்றையும் கேள்வித்தாள்தான் கொடுக்கிறது. தவிரவும், பெர்ட் கணக்கு பணிகளின் தாமதங்களை ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகக் கொள்கிறது. ஐப்பசி மழை வலுத்தால் பூச்சும் கட்டும் மண் வெட்டும் சேர்ந்தே நிற்கின்றன. ஒரே கொத்தனார் குழு இரண்டு பணிகளுக்கு மாறி மாறிப் போகிறது என்றால், ஒன்றின் தாமதம் மற்றதன் தாமதமே.

இரு வகைக் காலம்

பாடம் கவனிக்கத் தவறும் இன்னொரு வேறுபாடு உண்டு. வலைப்படத்தில் எல்லா அம்புகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன. உண்மையில் அவற்றில் இரண்டு வகைக் காலங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பொருள் விதிக்கும் காலம். தளத்தின் இடைவெளி 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாளுக்குப் பிறகும், அதற்கு மேல் என்றால் 14 நாளுக்குப் பிறகும்தான் முட்டுகளை எடுக்கலாம் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. இடைவெளி 6 மீட்டரைத் தாண்டும் உத்தரங்களின் முட்டுகளுக்கு 21 நாள். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக் காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடத்தில் 10 நாள். இந்த எண்களுக்கு ஆதாரம் இருக்கிறது. காங்கிரீட் எப்படி இறுகுகிறது என்பது மற்றொரு பாடத்தில் விரிவாகவே வருகிறது. இரண்டாவது, மனிதர்கள் விதிக்கும் காலம்: கம்பி கட்டுவது, சென்ட்ரிங் அடிப்பது, சுவர் எழுப்புவது, பூசுவது. இதற்கு ஆதாரமாகக் காட்ட மாணவரிடம் எதுவும் இல்லை.

இரண்டையும் ஒரே அம்பாக எழுதுவதன் விளைவைச் செலவு கூட்டிக் காலம் குறைக்கும் கணக்கில் பார்க்கலாம். ஒவ்வொரு பணிக்கும் ஒரு நாளைக் குறைக்க எத்தனை ரூபாய் கூடுதலாகும் என்று ஒரு அட்டவணை தரப்படும். நீராற்றும் பணிக்குக்கூட அதில் ஒரு தொகை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காங்கிரீட்டுக்கு லஞ்சம் கொடுத்து வேகப்படுத்துவதுபோல. தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். களத்தில் அந்தக் கணக்கின் பொருள் முட்டுகளை முன்கூட்டியே பிரிப்பதுதான்.

எண் யாரிடம் இருக்கிறது

மனிதர்கள் விதிக்கும் காலம் ஏன் பாடத்துக்குள் வரவில்லை? சோம்பலால் என்று சொல்லிவிடலாம். அது நியாயமான விடையாகாது. பொதுப்பணித் துறை வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். முடிந்த வேலையை அளந்து எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் பதிகிறார் பொறியாளர். அளக்கும் முறையை ஐ.எஸ். 1200 நுணுகி வகுத்திருக்கிறது: எந்தத் திறப்பைக் கழிக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டாம் என்பது வரை. துறை நேரடியாக ஆள் வைத்துச் செய்த வேலைகளில் யார் எத்தனை நாள் வந்தார் என்பது மஸ்டர் ரோலில் இருந்தது. ஒரு குழுவின் வேலைத்திறன் என்பது முதல் ஏட்டை இரண்டாம் ஏட்டால் வகுத்தால் வருவது. ஆனால் முதலாவது பில் தொகைக்காக, இரண்டாவது கூலிக்காக எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலை யாருடையதும் அன்று. துறையின் தரவுகளிலும் ஓர் அலகு வேலைக்கு இத்தனை கொத்தனார், இத்தனை மஸ்தூர் என்ற எண்கள் உண்டு. இந்தியத் தரநிலைகளிலும் 1974-இல் வெளியான ஐ.எஸ். 7272-இன் முதல் பகுதி, வட மண்டலத்துக்கான ஆள் கணக்குகளைத் தந்தது. அவை விலையை நியாயப்படுத்த எழுதப்பட்ட எண்கள். இன்று இந்தத் தெருவில் இந்தக் குழு எத்தனை நாளில் முடிக்கும் என்று அவை சொல்வதில்லை.

தனியார் கட்டடங்களில் இரண்டாம் ஏடே பொறியாளர் கையில் இல்லை. வேலை சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியிடம் போகிறது. எத்தனை ஆள், எத்தனை நாள் என்பது அவர் பாடு. ஒரு மேஸ்திரியிடம் ‘இந்தச் சுவரு எத்தனை நாள்ல முடியும்?’ என்று கேட்டால் எண் வராது. கேள்விகள்தான் திரும்பி வரும். ‘செங்கல்லு எதுவரைக்கும் வண்டில வரும் சார்? மேல ஏத்துறது யாரு? சாரம் உங்களுதா, நாங்க கொண்டாரணுமா? தண்ணி இருக்குல்ல?’ ஒவ்வொரு கேள்வியும் அந்த 3 என்ற எண்ணின் ஒரு காரணி. ஏட்டில் இல்லாத சூத்திரம் அவர் தலையில் இருக்கிறது. உள்குத்தகை முறை வேலையை மட்டும் கைமாற்றவில்லை, வேலையைப் பற்றிய அறிவையும் மாற்றிவிட்டது. அந்த எண் இல்லாமலேயே பொறியாளரால் காலம் தள்ள முடிகிறது என்பதால்தான் பாடத்திட்டமும் அது இல்லாமலேயே நடக்கிறது என்பது என் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று வரும். வேலையை நேரத்தால் அளப்பது என்றாலே தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நிற்பதுதானே? வேலையைக் கடிகாரம் வைத்து அளந்த ஃபிரெடரிக் டெய்லரின் நினைவு வருவது இயல்பு. ஆனால் கட்டுமானத்தில் இந்த ஆராய்ச்சி தொடங்கியது செங்கல் சுவரிலேயே என்பதைப் பார்க்க வேண்டும். கொத்தனாராகத் தொழிலைத் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத், ஒரு செங்கலை வைக்க 18 அசைவுகள் ஆனதை 5 ஆகக் குறைத்தார். மணிக்கு 120 ஆக இருந்தது 350 கல்லாக உயர்ந்தது என்று டெய்லரே 1911-இல் எழுதினார். அந்த உயர்வில் பெரும்பங்கு கையை விரட்டியதால் வந்ததன்று. கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர வேண்டியிருந்ததைக் கண்டு, சுவரோடு சேர்ந்து உயரும் சாரத்தை அமைத்து, கல்லை இடுப்பு உயரத்தில் வைத்தார் கில்பிரெத். நம் களத்தில் அந்தச் சாரத்தின் இடத்தில் சித்தாள் நிற்கிறார். கல்லைத் தலையில் சுமந்து ஏறும் அந்தப் பெண்ணின் நடைதான் கொத்தனாரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வலைப்படத்திலோ அவருக்கு அம்பு கிடையாது.

அளக்க வேண்டியது கையின் வேகத்தை அன்று, காத்திருப்பை. 1990-களில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹாவெலும் உருவாக்கிய ‘இறுதித் திட்டமிடுநர்’ முறை இந்த இடத்தைத்தான் தொட்டது. இந்த வாரம் செய்வோம் என்று சொன்னவற்றில் எத்தனை முடிந்தன, முடியாதவை எதனால் நின்றன என்று வாரந்தோறும் எண்ணுவதே அதன் அடிப்படை. வேலையை நேரடியாக ஒப்படைப்பவரே இறுதித் திட்டமிடுநர். நம்மூரில் அவர் மேஸ்திரி. இந்தச் சிந்தனையை வளர்க்கும் பன்னாட்டுக் குழுவின் 26-ஆம் மாநாடு 2018-இல் சென்னையிலேயே நடந்தது. மாநாட்டு அரங்கத்துக்கு வந்த கருத்து வகுப்பறையில் ஒரு கூடுதல் அத்தியாயமாக வந்திருக்கிறது. களத்துக்குப் போகும் வழியாக அது இன்னும் ஆகவில்லை.

கள ஏடு

ஒரு பருவத்தில் மாணவரால் களத்தை எப்படிக் கற்க முடியும் என்ற கேள்விக்கு விடை குடிசார் பொறியியலிலேயே இருக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இன்றும் இளநிலை மாணவர்கள் சர்வே கேம்புக்குப் போகிறார்கள். தியோடலைட்டையும் லெவலையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்று, கள ஏட்டில் பென்சிலால் எழுதுகிறார்கள். நிலத்தின் அளவைக் கேள்வித்தாளில் கொடுத்துவிட்டு வரைபடம் போடச் சொன்னால் அதைச் சர்வே என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேலையின் அளவில் மட்டும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே திட்டமிடல் பாடத்துக்கு முன் ஒரு வாரம் வேலை அளவை முகாம் வேண்டும். ஒரே சுவர், ஒரே குழு, மேஸ்திரியின் சம்மதத்தோடு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கன மீட்டர் எழுந்தது, எந்த நேரத்தில் எதற்காக வேலை நின்றது என்பது மட்டும் பதிவாகட்டும், பெயர்கள் வேண்டாம். அந்த ஏட்டை வைத்தே மாணவர் தம் வலைப்படத்தின் கால அளவை எழுதட்டும். ஜான் ஃபாண்டால் 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் காட்டியதுபோல, கணினி இல்லாமலேயே கையால் சி.பி.எம். போட முடியும், எனவே மென்பொருள் கிடைக்காதது ஒரு தடையாகாது.

தேர்வாளர்கள் எழுப்பக்கூடிய சிக்கல் வேறு. ஆளுக்கொரு விடை வந்தால் எப்படித் திருத்துவது? சர்வேயில் இதற்கு வழக்கம் உண்டு. சுற்றி அளந்து தொடங்கிய புள்ளிக்கே வந்தால், கணக்கு சரியாக மூடுவதில்லை. அந்த மூடல் பிழையை மறைப்பவருக்குத்தான் மதிப்பெண் குறைகிறது. எவ்வளவு பிழை, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறதா, ஒவ்வொரு கோட்டுக்கும் எப்படிப் பகிர்ந்தார் என்று ஏட்டில் எழுதியவருக்கு முழு மதிப்பெண்.