ஃபஜார்: ஒரு தலையங்கமும் எட்டு மாணவர்களும்

மாணவர் பத்திரிகை என்றால் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? கல்லூரி ஆண்டு மலர். முதல் பக்கத்தில் தாளாளர் வாழ்த்துரை, அடுத்து முதல்வர் வாழ்த்துரை, பிறகு அம்மாவைப் பற்றி நாலைந்து கவிதைகள், கடைசியில் குரூப் போட்டோ. யாரும் அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் ஒரு மாணவர் பத்திரிகையின் தலையங்கத்தைப் படித்துவிட்டு ஓர் அரசாங்கமே கோபப்பட்டு, எட்டு மாணவர்களைக் கைது செய்து ராஜதுரோக வழக்குப் போட்டிருக்கிறது. நடந்த இடம் சிங்கப்பூர். ஆண்டு 1954. பத்திரிகையின் பெயர் ஃபஜார்.

மலாய் மொழியில் ஃபஜார் என்றால் விடியல். அரபியிலிருந்து வந்த சொல். நம் ஊரில் 'பஜ்ர் தொழுகை' என்று அதிகாலைத் தொழுகையைச் சொல்வார்களே, அதே சொல்தான்.

முதலில் காலத்தைப் புரிந்துகொள்வோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடம் தோற்று ஓடிய பிரிட்டிஷார் 1945இல் திரும்பி வந்து மலாயாவையும் சிங்கப்பூரையும் மறுபடி ஆளத் தொடங்கினார்கள். 1948 ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க அவசரநிலை அறிவிக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் யாரையும் சிறையில் வைக்கலாம் என்ற நிலை. இந்தச் சூழலில்தான் 1949 அக்டோபரில், ஒரு மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து, சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நாளைக்கு ஆட்சிப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளப் போகிற, ஆங்கிலம் படித்த உள்ளூர் அதிகாரிகளை உருவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று.

படித்தவன் சும்மா இருப்பானா? 1953 பிப்ரவரியில் மாணவர்கள் சிலர் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் வாங் குங்வூ, பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற வரலாற்று அறிஞர். அடுத்த மாதமே கழகத்தின் இதழாக ஃபஜார் வெளிவந்தது. பெயர்தான் மலாய், உள்ளே முழுக்க ஆங்கிலம்!

இந்த முரண்பாடு சாதாரண விஷயம் இல்லை. மலாயாவில் அன்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் தனித்தனிப் பள்ளிகளில், தனித்தனி மொழிகளில் படித்தார்கள். ஒருவர் செய்தித்தாளை இன்னொருவரால் படிக்க முடியாது. இவர்களை எல்லாம் சேர்த்து 'மலாயர்' என்ற ஒரே தேசமாக்க வேண்டும், அதற்கு முதலில் காலனி ஆட்சி போக வேண்டும் என்பதே இந்த மாணவர்களின் கனவு. பல இன மாணவர்கள் ஒன்றாக உட்காரக் கிடைத்த இடமோ ஆங்கில வழிப் பல்கலைக்கழகம். ஆகவே ஆட்சியாளரின் மொழியிலேயே ஆட்சியாளரைத் திட்ட வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சீனத் தொழிலாளிக்கோ தமிழ்த் தொழிலாளிக்கோ ஃபஜாரின் ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. இது அந்த இதழின் பெரிய குறைதான். மறுக்க முடியாது.

அந்தத் தலையங்கம்

1954 மே 7. வியட்நாமில் தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை ஹோ சி மின்னின் படையிடம் சரணடைந்தது. ஆசியா முழுவதும் இதே பேச்சு. ஓர் ஐரோப்பிய வல்லரசை ஓர் ஆசிய மக்கள் படை போர்க்களத்தில் வீழ்த்திவிட்டது! மேற்கத்திய நாடுகள் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு ராணுவக் கூட்டணி அமைக்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்தன (அதே ஆண்டு செப்டம்பரில் அது சீட்டோ என்ற பெயரில் உருவானது).

மூன்றே நாள் கழித்து, மே 10 அன்று, ஃபஜாரின் ஏழாவது இதழ் வந்தது. தலையங்கத்தின் தலைப்பு 'ஆசியாவில் ஆக்கிரமிப்பு'. ஆசிய மக்களின் விடுதலைப் போராட்டங்களில் மேற்கு நாடுகள் ராணுவ பலத்தோடு தலையிடுவதை அது கடுமையாகக் கண்டித்தது. சுதந்திரமே இல்லாத மலாயாவை இன்னொருவரின் போருக்குள் இழுக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் கோபம்.

வேறொரு நேரமாக இருந்தால் இது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். ஆனால் மே 13 அன்று சீனப் பள்ளி மாணவர்கள் கட்டாய ராணுவப் பதிவை எதிர்த்துத் திரண்டார்கள். போலீசோடு மோதல், அடிதடி, கைது. சீனமொழி மாணவர்கள் தெருவில், ஆங்கிலமொழி மாணவர்கள் பத்திரிகையில். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று அரசாங்கம் யோசித்திருக்க வேண்டும்.

மே 28 அன்று எட்டு மாணவர்கள் கைதானார்கள். போ சூ காய், ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, எட்வின் தம்பு, தாமஸ் வர்கீ, குவா பூ சுன், லாம் குவான் கிட். பட்டியலைப் பாருங்கள், நமக்குப் பழக்கமான பெயர்கள் எத்தனை! எட்வின் தம்புவின் தந்தை தமிழர், ஆசிரியர், தாய் சீனர். புதுச்சேரி என்பது ஊர்ப்பெயர் போலத் தோன்றினாலும் அது ஒரு மலையாளிக் குடும்பப் பெயர். ஜேம்ஸ் புதுச்சேரி போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்துக்கு வரும் முன்பே துப்பாக்கி பிடித்தவருக்குப் பத்திரிகை நடத்துவது பெரிய காரியமாகத் தோன்றியிருக்காது.

நீதிமன்றத்தில்

ராஜதுரோகச் சட்டம் ஒரு விசித்திரமான சட்டம். யாரையும் அடிக்க வேண்டாம், எதையும் கொளுத்த வேண்டாம். அரசாங்கத்தின் மீது வெறுப்பையோ அதிருப்தியையோ தூண்டும் 'போக்கு' எழுத்தில் இருந்தாலே போதும். காலனி அரசாங்கத்தைப் பற்றி உண்மையை எழுதினால் அதிருப்தி வராமல் வேறென்ன வரும்?

மாணவர்களுக்காக வாதாட லண்டனிலிருந்து டி.என். பிரிட் வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடியவர். காலனி அரசுகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவருக்கு உதவியாக நின்றவர் முப்பது வயது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர். தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத்துக்காக வாதாடிப் பெயர் வாங்கியிருந்தவர். அவர்தான் லீ குவான் யூ.

வழக்கு ஆகஸ்டில் மூன்று நாள் நடந்தது. ஆகஸ்ட் 25 அன்று நீதிபதி எஃப்.ஏ. சுவா எட்டுப் பேரையும் விடுவித்தார். கட்டுரை ராஜதுரோகம் ஆகாது என்பது தீர்ப்பு. எதிர்த்தரப்பு சாட்சிகளைக் கூப்பிட வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

இந்த வெற்றியைப் பார்த்துச் சீனப் பள்ளி மாணவர்களும் தங்கள் வழக்குக்காக லீயைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் படித்த வழக்கறிஞருக்கும் சீனமொழி பேசிய பெரும்பான்மை மக்களுக்கும் நடுவே ஒரு கதவு திறந்தது. மூன்று மாதத்துக்குள், 1954 நவம்பர் 21 அன்று, மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டது. ஃபஜார் மாணவர்கள் சிலரும் அதன் தொடக்கத்தில் கூட இருந்தார்கள். கழகத்திலிருந்து வெளியே வந்த எஸ். உட்ஹல் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்துக்கும், ஜமித் சிங் துறைமுக ஊழியர் சங்கத்துக்கும் போனார்கள். ஆங்கில இதழ் எட்டாத இடத்துக்கு ஆட்களே நேரில் போய்விட்டார்கள்!

கதையின் அடுத்த பாதி

இங்கே நிறுத்தினால் நல்ல சினிமாக் கதை. வரலாறு அப்படி நிற்பதில்லையே.

1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐப் பிடித்தது. லீ பிரதமரானார். 1961இல் கட்சி உடைந்தது. இடதுசாரிகள் பாரிசான் சோஷலிஸ் என்ற புதுக் கட்சி கண்டார்கள். போ சூ காய் உள்பட ஃபஜார்க்காரர்கள் பலர் அந்தப் பக்கம். மலேசியாவோடு இணைவது எப்படி என்பதில் கடும் சண்டை. 1963 பிப்ரவரி 2 அன்று 'ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர்' என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டனர். பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் அரசுகள் மூன்றும் இடம்பெற்ற பாதுகாப்பு மன்றத்தின் முடிவு அது. போ சூ காய், புதுச்சேரி, உட்ஹல், ஜமித் சிங் எல்லோரும் உள்ளே. அதே மாதம் ஃபஜாரும் தடை செய்யப்பட்டது.

வெள்ளைக்கார அரசாங்கம் வழக்குப் போட்டும் நிறுத்த முடியாத பத்திரிகை எட்டரை ஆண்டு கழித்து நின்றுபோனது. அப்போது பிரதமர், அன்று அதற்காக நீதிமன்றத்தில் நின்ற அதே வழக்கறிஞர்.

கைதானவர்கள் கம்யூனிஸ்ட் சதியில் தொடர்புள்ளவர்கள், நாட்டின் பாதுகாப்புக்கு வேறு வழியில்லை என்பது சிங்கப்பூர் அரசின் நிலைப்பாடு. பிரிட்டிஷ் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை, அரசியல் எதிரிகளை அகற்றவே இது நடந்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இன்றுவரை விவாதம் முடியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். 1954இல் குற்றச்சாட்டு இருந்தது, வக்கீல் இருந்தார், நீதிபதி இருந்தார், மூன்றே நாளில் விடுதலை. 1963இல் குற்றச்சாட்டே இல்லை, ஆகவே விடுதலை பெற வழியும் இல்லை. போ சூ காய் இரண்டு முறையாகச் சேர்த்து சுமார் 17 ஆண்டுகள் சிறையில் இருந்தார். ஒரு டாக்டரின் 17 ஆண்டுகள்!

மற்றவர்கள்? ராஜகுமார் மலேசியாவில் மதிப்புமிக்க மருத்துவராகி, உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பின் தலைவராகவும் இருந்தார். புதுச்சேரி 1956இல் தொடங்கிய வேறொரு சிறைவாசத்தில் மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. எட்வின் தம்பு சிங்கப்பூரின் முன்னணி ஆங்கிலக் கவிஞரானார். ஒரே தலையங்கத்துக்காகக் கூண்டில் நின்றவர்களில் ஒருவர் தேசத்தின் கவிஞர், ஒருவர் தேசத்தின் கைதி.

சிங்கப்பூரில் அந்த ராஜதுரோகச் சட்டம் 2022 நவம்பரில் புத்தகத்திலிருந்தே நீங்கிவிட்டது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் நீங்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஃபஜார் சொன்னதெல்லாம் சரியென்று இல்லை. இருபது வயதுக்காரர்கள் எழுதியது, வேகம் அதிகம், வாசகர் குறைவு. ஆனால் 'எங்கள் நாட்டைப் பற்றி நாங்கள் பேசலாமா?' என்று கேட்க அவர்கள் பட்டம் வாங்கும்வரை காத்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றம் 'பேசலாம்' என்றது. அந்தப் பதில் எவ்வளவு நாள் செல்லும் என்பதை நீதிமன்றம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதைத்தான் அடுத்த ஒன்பது ஆண்டுகள் காட்டின.

அடுத்த முறை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தால், அம்மா கவிதையோடு இன்னொன்றும் எழுதிப் பார்ப்போமா நண்பர்களே?