மின்னஞ்சலும் பிழையறிவித்தலும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் வழியில் அமைந்தது நோர்வூட். அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், தொழிலாளர் பெயருக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தைச் சேர்ந்து, அங்கிருந்து பகிரப்படுதல் நெடுங்கால வழக்கமாயிற்று. கடிதம் தவறுமாயின் துன்பம் இருவகைத்து. பெறவேண்டியவர் பெறாமை ஒன்று. பெறவில்லை என்பதை அனுப்பியவர் அறியாமை மற்றொன்று. பின்னையதே கொடிது. அறியப்படாத குறைக்குப் பரிகாரம் தேடுவார் இலர் அன்றோ?

மின்னஞ்சலை வகுத்தோர் இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1982ஆம் ஆண்டு ஜொனதன் போஸ்டல் எழுதி வெளியிட்ட அஞ்சல் நெறிமுறை, ஒரு மடலை ஏற்றுக்கொண்ட கணினி அதனைச் சேர்ப்பிக்க இயலாதபோது, அனுப்பியவருக்கு அச்செய்தியை அறிவித்தல் வேண்டும் என விதித்தது. பிழை நேர்தல் இயல்பு. அதனை மறைத்தல் குற்றம் என்பது இவ்விதியின் உட்பொருளாகும்.

இவ்விதி மடலுக்கு மட்டுமன்றி, மடலைக் கொண்டு செல்லும் மென்பொருளுக்கும் பொருந்துவதை 1988ஆம் ஆண்டு காட்டியது. கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் இயற்றிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளில், பிழை ஆராய்தற்பொருட்டு வைக்கப்பட்ட வாயில் ஒன்று திறந்தே கிடந்தது. நவம்பர் 2ஆந் திகதி பரவிய மொரிஸ் புழு நுழைந்த வழிகளுள் அதுவும் ஒன்று. எனினும் அதன் மூலநிரல் பெர்க்லி அறிஞர் கையில் இருந்தமையால், மறுநாளே திருத்தம் வெளிவந்தது. மூலநிரலை யாவரும் கண்டு திருத்தலாம் என்னும் திறந்த மூல மென்பொருள் நெறியின் பயன் இதனால் விளங்கும்.

தமிழுக்கு நேர்ந்த இடர் வேறு. 1982ஆம் ஆண்டு நெறிமுறை ஏழு பிட் அளவிலான ஆங்கில எழுத்துக்களையே கருதியது. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் பிரீடும் வகுத்த மைம் என்னும் முறையால் பிறமொழி எழுத்துக்களும் மடலில் செல்ல வழி பிறந்தது. ஆயினும் தமிழ் எழுத்துருக்கள் பலவாறு குறியேற்றம் பெற்றிருந்தமையால், ஒருவர் எழுதிய மடல் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. பல நாடுகளில் வாழ்ந்த தமிழார்வலர் மின்னஞ்சல் வழியே வாதிட்டுத் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை அமைத்தனர். பின்னர் யூனிகோடு நிலைபெற்றது.

அதனோடு இடர் தீர்ந்ததென்று எண்ணற்க. மலைநாட்டில் நாள்தோறும் வழங்கும் ‘கொழுந்து’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூ.டி.எப்-8 முறையில் முன்னையது 24 பைட்டுகள், பின்னையது 27. ஒருவகையில் எழுதிய சொல்லை மறுவகையில் தேடினால், இரண்டையும் ஒருமைப்படுத்தாத அஞ்சல் மென்பொருள் ‘மடல் இல்லை’ என்றே விடை தரும்.

இத்தகைய குறைகளைக் காண்பதற்கே சோதனைகள் எழுதப்படுகின்றன. 2009இல் கார்ல் வொர்த் தொடங்கிய நாட்மச் முதலிய திறந்த மூல அஞ்சல் மென்பொருள்களில், எதிர்பார்த்த விளைவும் பெற்ற விளைவும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் மாறுபடின் பிழை எங்குள்ளது? மென்பொருளிலும் இருக்கலாம், எதிர்பார்த்த விளைவை எழுதியவரிடத்தும் இருக்கலாம். நேரத்தையோ கோப்பின் இருப்பிடத்தையோ அச்சிடும் சோதனை, கணினிக்குக் கணினி வேறுபட்டு வீணே தோல்வி காட்டும். அங்குத் திருத்தவேண்டியது சோதனையே. ஆனால் ஆராயாது, பெற்ற விளைவையே எதிர்பார்த்த விளைவாக எழுதிவிடுதல், மாணவனின் தவறான விடைக்கு ஏற்ப ஆசிரியர் விடைக்குறிப்பை மாற்றுவதை ஒக்கும். மேலைய எடுத்துக்காட்டில், தேடுங்கால் இருவகையையும் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும். மடலின் உடலையோ வந்தவாறே காத்தல் வேண்டும். ஒரு பைட்டு மாறினும் மின்கையொப்பம் பொய்த்துவிடும்.

பிழையறிவிப்பு எழுதுதலும் ஒரு கல்வியே. எப்பதிப்பில், எச்செயலைச் செய்தபோது, எதனை எதிர்பார்த்து எதனைப் பெற்றோம் என்பவற்றைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். பிறர் அதனை மீண்டும் நிகழ்த்திக் காண இயலுதல் வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்னும் முறையீட்டால் பயன் சிறிது.

நம் நாடு இத்துறைக்குப் புதிதன்று. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய சகானா என்னும் திறந்த மூல மென்பொருள், மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. ‘கொழுந்து’ என்று எழுதித் தேடிப் பார்ப்பவர் தமிழரே. அவர் வாளாவிருப்பின் அப்பிழையைப் பிறர் அறியார். முகவரியற்ற லயங்களில் பிறந்து இன்று கல்லூரி சேர்ந்திருக்கும் மாணவர், சேராத கடிதத்தின் துயரை நன்கறிவர். கணினியிற் காணும் குறையை அவர்கள் முறைப்பட எழுதி அனுப்புவாராயின், அவர்தம் மொழியில் எழுதப்படும் மடல்கள் சிதையாது சென்று சேரும்.