மோடஃபினில்

மோடஃபினில், பகலில் அடக்க முடியாத தூக்கத்தால் அவதிப்படுவோரை விழித்திருக்கச் செய்யும் மாத்திரை. நார்கோலெப்சி எனப்படும் மீதூக்க நோய்க்காக வந்த இந்த மருந்தை, எந்தத் தூக்க நோயும் இல்லாத மாணவர்களும் இரவுப் பணியாளர்களும் கணினித் துறையினரும் இப்போது தேடி வாங்குகிறார்கள்.

மீதூக்க நோயைச் சாதாரணச் சோம்பலோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. நோயாளி சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவண்டு விழுபவர்களும் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஒரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதே இந்த வகை நோய்க்குக் காரணம். அழிந்ததை மோடஃபினில் மீட்டுத் தராது. பகல்தூக்கத்தை மட்டும் குறைக்கும். வழக்கமான அளவு, காலையில் 200 மி.கி.

பிரான்சின் லாஃபோன் ஆய்வகம் 1970-களில் அட்ராஃபினில் என்ற மருந்தை உருவாக்கியது. உடலுக்குள் போனதும் அது மோடஃபினிலாக மாறுகிறது என்பது பிறகு தெரியவந்தது. லியோன் நகரின் தூக்க ஆய்வாளர் மிஷெல் ஜுவே மோடஃபினிலை மீதூக்க நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1994-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது; 1998 டிசம்பரில் அமெரிக்காவில் செஃபலான் நிறுவனத்தின் 'ப்ரோவிஜில்' ஆக அனுமதி பெற்றது. அதற்குமுன் விழிப்புக்கு மருந்து என்றால் ஆம்பெட்டமின் வகைதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையினர் 'பெர்விடின்' என்ற அந்த வகை மாத்திரையை விழுங்கினர். ஜப்பானில் போருக்குப் பின் அந்த வகை மாத்திரைப் பழக்கம் மக்களிடையே பரவி, 1951-இல் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. அந்த வரலாற்றை அறிந்த மருத்துவர்களுக்கு, போதை குறைந்த மாத்திரை என்ற செய்தி ஆறுதலாக இருந்ததில் வியப்பில்லை.

போதை குறைவு என்பது உண்மை. அறவே இல்லை என்பது விற்றவர்களின் பேச்சு. பத்து ஆண்களிடம் செய்த மூளைப் படப்பதிவு ஆய்வை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2009-இல் வெளியிட்டது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை இந்த மருந்தும் தடுக்கிறது, போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியிலும் டோபமைன் கூடுகிறது என்று அது காட்டியது.

மருந்து ஒன்றுதான் என்றாலும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் இது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் நான்காம் பட்டியலில் டயசெபாம், அல்பிரசோலாம் ஆகியவற்றோடு இருக்கிறது. ஒரு சீட்டு ஆறு மாதமே செல்லும். அதற்குள் ஐந்து முறைக்குமேல் மறுபடி வாங்க முடியாது. பிரிட்டனில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது குற்றம். கையில் வைத்திருப்பது குற்றமில்லை. ஜப்பானில் முதல் வகை மனோவியல் மருந்து என்பதால் பயணப் பையில் எடுத்துச் செல்பவரும் விதிகளைப் பார்த்தாக வேண்டும். இந்தியாவில் சீட்டின்பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்து; அட்டையிலேயே அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் அந்த வரியை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை. சன் பார்மாவின் 'மோடலர்ட்' போன்ற இந்தியத் தயாரிப்புகள் விலை மலிவு. இணையக் கடைகள் வழியாக மேலைநாடுகளுக்குத் தபாலில் போவதும் பெரும்பாலும் இவைதான். ஓரிடத்தில் சட்டம் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் விலை மலிவாகவும் இருந்தால் நடுவில் ஒரு வியாபாரி முளைக்காமல் இருப்பானா?

தவறான பயன்பாடு என்றதும் தேர்வுக்குப் படிக்கும் மாணவனைக் காட்டுவது வழக்கம். ஆனால் இந்த மருந்தின் எல்லையை முதலில் நீட்டியவர்கள் விற்றவர்களே. வெறும் சோர்வுக்கும் களைப்புக்கும்கூட ப்ரோவிஜிலைப் பரப்பியது உட்பட, மூன்று மருந்துகளை அனுமதியில்லாத பயன்பாடுகளுக்கு விளம்பரப்படுத்திய வழக்கில் செஃபலான் 2008-இல் 42.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. மலிவான போட்டி மாத்திரைகள் சந்தைக்கு வராமலிருக்கப் பிற நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தது என்ற வழக்கு தனி. செஃபலானை வாங்கிய தேவா நிறுவனம் அதை 2015-இல் 120 கோடி டாலரில் முடித்துக்கொண்டது.

விளையாட்டில் இம்மருந்து தலைப்புச் செய்தியானது 2003-இல். பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வென்ற அமெரிக்க வீராங்கனை கெல்லி வைட்டின் பரிசோதனையில் மோடஃபினில் தென்பட்டது. மீதூக்க நோய்க்காக எடுத்ததாக அவர் சொன்னார். மறு ஆண்டு வேறு ஊக்கமருந்துகளையும் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார்.

நோயில்லாதவருக்கு இதனால் ஆகும் நன்மை, பேசப்படும் அளவுக்கு இல்லை. தூக்கம் கெட்டவரை விழிக்க வைப்பதில் சந்தேகமில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவரின் அறிவைக் கூட்டுமா என்பதே கேள்வி. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் நாற்பது பேருக்கு, எடைவரம்புள்ள பைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களை நிரப்பும் கணக்கு கொடுக்கப்பட்டது. மோடஃபினில் உள்ளிட்ட மருந்துகளை எடுத்தபோது அவர்கள் கூடுதலாக மெனக்கெட்டார்கள்; விடையின் தரமோ இறங்கியது. வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள், மருந்து எடுத்தபோது சராசரிக்குக் கீழே போனதும் உண்டு.

தீமைகளில் பலரும் அறியாத ஒன்று கருத்தடை மாத்திரை பற்றியது. மோடஃபினில் கல்லீரல் நொதிகளைத் தூண்டி அந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். மருந்தை நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வேறு வழி தேவை. கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி அரிது, வந்தால் கொடியது. அந்த அச்சத்தாலேயே குழந்தைகளின் கவனக்குறைவு நோய்க்கு இதைத் தர அமெரிக்கா 2006-இல் மறுத்தது. மோடஃபினிலின் பயன்பாட்டை நார்கோலெப்சிக்கு மட்டும் என்று சுருக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2010-இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவிலோ ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறுக்கும் தூக்க மூச்சடைப்பால் வரும் பகல்தூக்கத்துக்கும் அனுமதி தொடர்கிறது. தலைவலி, குமட்டல், படபடப்பு ஆகியவை சாதாரணமாக வருபவை. காலையில் விழுங்கியதில் ஏறத்தாழப் பாதி இரவிலும் உடம்பில் இருக்கும் என்பதால், மாலையில் எடுப்பவர் அன்றைய தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

2019-இல் அமெரிக்காவில் இரு புதிய விழிப்பு மருந்துகள் அனுமதி பெற்றன. சோல்ரியம்ஃபெட்டால் மோடஃபினிலைப் போலவே நான்காம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஹிஸ்டமின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக வேலை செய்யும் பிட்டோலிசன்ட் எந்தப் பட்டியலிலும் சேர்க்கப்படவில்லை.