ஒரே சிம்பொனிக்கு எத்தனை இசைத்தட்டு?

ஒரே சிம்பொனிக்கு எதற்கு இத்தனை இசைத்தட்டு? சேகரிப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியே இதற்குப் பதில் சொல்லும்.

ஃபுர்ட்வாங்லர் 1951-ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் நடத்திய கச்சேரியின் பதிவு சுமார் 74 நிமிடம் ஓடும். டோஸ்கனினி 1952-ல் நியூயார்க்கில் பதிவு செய்தது சுமார் 65 நிமிடம்தான்! எழுதப்பட்ட ஸ்வரங்கள் ஒன்றே. ஒருவர் நின்று நிதானித்தார், மற்றவர் விரட்டினார்.

வேகம் மட்டுமல்ல, காலமும் பதிவாகிறது. இதன் கடைசிப் பகுதியில் வரும் ஷில்லரின் கவிதை மனித சகோதரத்துவத்தைப் பாடுகிறது. 1942 ஏப்ரல் 19, ஹிட்லர் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பெர்லினில் நாஜித் தலைவர்கள் முன்னால் ஃபுர்ட்வாங்லர் இதையேதான் நடத்தினார். அந்தப் பதிவின் முடிவில் இசை வெறி பிடித்தாற்போல் ஓடுகிறது. அது கொண்டாட்டமா, கோபமா? சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அதே நகரில் பெர்ன்ஸ்டைன் நடத்தியபோது, பாட்டில் 'மகிழ்ச்சி' என்ற சொல்லை 'விடுதலை' என்று மாற்றிப் பாட வைத்தார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். நல்ல இசை யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். எந்தக் கைக்குப் போனது என்பதை ஒலிப்பதிவு மறப்பதில்லை.