கண்முன் வைத்துக் கற்பித்தவர்

ஓர் ஆசிரியர் மறைந்த பிறகு அவரை எதைக் கொண்டு நினைவுகூர்வது? எழுதிய நூல்கள் உண்டு. உருவாக்கிய மாணவர்கள் உண்டு. இவற்றோடு, இரண்டு நாடுகளுக்குப் பொதுவான ஒரு சொத்தையும் விட்டுச் சென்றவர் சீனக் கலை வரலாற்றுப் பேராசிரியர் மைக்கேல் சல்லிவன். 2013 செப்டம்பரில், 96-வது வயதில் அவர் ஆக்ஸ்ஃபர்டில் காலமானார்.

1916-இல் கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சல்லிவன், கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை பயின்றார். அவரைச் சீனாவுக்கு அழைத்துச் சென்றது கலை அல்ல, போர். 1940-இல், ஜப்பானியப் படையெடுப்பால் சீனா அல்லலுற்ற வேளையில், செஞ்சிலுவைச் சங்கத்துக்காக மருந்து லாரி ஓட்டினார். சீனப் பெண்மணியான கோவானை அங்கேயே மணந்தார். போருக்குத் தப்பி செங்டு நகரில் தஞ்சமடைந்திருந்த ஓவியர்கள் பலர் அத்தம்பதியரின் நண்பர்களாயினர்.

பழங்கால ஓவியங்களே ஆய்வுக்குத் தகுதியானவை என்று மேலை அறிஞர்கள் பலரும் எண்ணிய காலம் அது. சல்லிவனோ, தம்மோடு வாழும் ஓவியர்களும் வரலாற்றில் இடம்பெற வேண்டும் என்றார். இருபதாம் நூற்றாண்டுச் சீனக் கலை பற்றிய அவரது நூல் 1959-இல் வெளிவந்தது. அப்போது அவர் பணியாற்றிய இடம் சிங்கப்பூர்.

1954-இல் அங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். மறு ஆண்டே பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் காப்பாளர் அவரே. சீனப் பீங்கானும், இந்திய, தென்கிழக்காசியக் கலைப்பொருள்களும் அங்கே சேர்ந்தன. அவை பெருமைக்காகப் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. படத்தில் பார்ப்பது வேறு, பொருளையே நேரில் பார்ப்பது வேறு அல்லவா? மாணவர்களின் கண்முன் வைப்பதற்கென்றே திரட்டப்பட்டவை அவை.

1960-இல் சல்லிவன் லண்டனுக்குச் சென்றார். 1962-இல் பல்கலைக்கழகம் இரண்டானபோது, அருங்காட்சியகச் சேகரிப்பும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்குமாகப் பிரிக்கப்பட்டது. சொத்து பங்கு போடப்பட்டால் குறைந்துபோகும் என்பார்கள். இங்கு நடந்தது வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இரு அருங்காட்சியகங்கள் வேரூன்றின.

பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டிலும் நெடுங்காலம் கற்பித்தார். ஓவிய நண்பர்கள் அன்பளிப்பாகத் தந்தவை உட்பட, தம்பதியர் சேர்த்த 400-க்கும் மேற்பட்ட படைப்புகளை ஆக்ஸ்ஃபர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கே விட்டுச் சென்றார்.

தாம் கண்டு மகிழ்ந்ததைப் பிறரும் காணவேண்டும் என்பதே அவர் நடத்திய பாடம். சிலை எழுப்பித்தான் அவரைப் போற்றவேண்டும் என்பதில்லை. அந்த அருங்காட்சியகங்களுக்குள் நுழைந்து, ஒரு பீங்கான் கிண்ணத்தின் முன் சற்று நேரம் நின்றாலே போதும்.